கிளி மண்டபத்து மச்சம்

ஒரு வேலை முடிந்ததா என்று கேட்க எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. "மச்சம் வச்சாச்சா?" என்போம். பரீட்சை எழுதிவிட்டு வந்தவனிடமும் அதுதான் கேள்வி, அக்காளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தவனிடமும் அதுதான் கேள்வி. வெளியாட்கள் முழிப்பார்கள். நாங்கள் விளக்கம் சொல்ல மாட்டோம். அந்த வயதில் அப்படி ஒரு திமிர் இருந்தது.

எங்கள் ஊருக்கு வெளியே, ஆற்றைப் பார்த்தாற்போல ஒரு பழைய மண்டபம். உள்ளே வடக்குச் சுவர் முழுவதும் ஒரு காலத்தில் சித்திரம் இருந்திருக்கிறது. பெரும்பகுதி உதிர்ந்துபோய், நடுவில் ஒருத்தி மட்டும் முழுசாக நின்றாள். இடது கையில் கிளி. நாடியில் ஒரு மச்சம். முகவாய்க்கட்டையை எங்கள் பக்கம் நாடி என்றுதான் சொல்வோம்.

அந்தக் கிளியால் அது கிளி மண்டபம் ஆயிற்று. வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. நாங்கள் அவரைச் சுவர்க்காரர் என்று அழைத்தோம்.

சனி ஞாயிறுகளில் ஆவுடை டீச்சர் அங்கே ஓவிய வகுப்பு நடத்தினார். மற்ற நாட்களில் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். நாற்பது வயது இருக்கும். கறுப்புக் குடையை மடக்கித் தூணில் சாய்த்துவிட்டு, "எழுதுங்க" என்று சொன்னால் வகுப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். படம் வரைவதை அவர் எழுதுவது என்றுதான் சொல்வார்.

எழுதுவதற்கு வேறு எதுவும் கிடையாது. அவளைத்தான் எழுத வேண்டும். புதிதாக வந்தவர்கள் சேலைக் கரையைப் பார்த்து எழுதுவார்கள். அது டீச்சருக்குப் பிடித்துவிட்டால் கிளி. கிளிக்கு அப்புறம் கை. முகத்துக்கு வருவதற்குள் மீசை முளைத்துவிடும். எல்லாம் முடிந்து, கடைசியாகத்தான் மச்சம். மச்சம் வைக்கிற அன்று வைக்கிறவன் எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவர வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது, டீச்சர் படித்த காலத்திலேயே இருந்ததாம்.

சேர்ந்த புதிதில் நான் கேட்டேன். "எப்ப டீச்சர் சொந்தமா எழுதலாம்?"

"சேலைக் கரையில மூணாவது மாங்காய் கோணலா இருக்கு பாரு."

அதுதான் பதில்.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. பார்த்து எழுதின படத்தில் பெயர் போடக் கூடாது. முடித்த படத்தில் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். மண்டபத்துப் பக்க அறையில் ஒரு தகரப் பெட்டியில் அதை வைத்துவிடுவார்.

மச்சத்தைப் பற்றி எங்களிடம் கதைகள் ஏராளம். சுவர்க்காரரின் பெண்டாட்டிக்கு அந்த இடத்தில் மச்சம் இருந்தது என்று டீச்சரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அவருடைய வாத்தியார் சொன்னாராம். ஒருமுறை கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து, அது திருஷ்டிப் பொட்டு என்று அரைமணி நேரம் பேசினார். நாங்கள் தலையாட்டிக்கொண்டோம். மச்சம் இல்லாமல் அவளை நினைத்துப் பார்க்க எங்களால் முடியாது. அழகு அங்கேதான் இருக்கிறது என்று செய்யது சொல்வான். பகவதிக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். கை விரல்களைப் பார்க்கத் தெரியாதவன் என்பாள்.

செய்யது, பகவதி, நான், மாசானம். நாங்கள் நாலு பேர்தான் முகம் வரைக்கும் வந்தவர்கள். அதில் மாசானம் எங்கள் கணக்கிலேயே சேராது. அவன் எழுதினால் சுவரையே உரித்துக் காகிதத்தில் ஒட்டின மாதிரி இருக்கும். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் எழுதுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதை நாங்கள் யாரும் விட்டதில்லை.

அந்த மாசானம்தான் பிரஷை விட்டுவிட்டு பம்பாய்க்குப் போகிறேன் என்றான்.

அந்த முடிவு வந்தது இப்படி. மெட்ராஸிலிருந்து ஒரு ஓவியர் மண்டபம் பார்க்க வந்தார். பெரிய மனிதர், தாடி, கழுத்தில் கேமரா. எங்கள் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் மாசானத்தின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"நல்ல கை," என்றார். "ஆனா இதுல நீ எங்கப்பா இருக்கே?"

சொல்லிவிட்டு அவர் ஆற்றைப் படம் எடுக்கப் போய்விட்டார். மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வகுப்பில் அவன் டீச்சருக்கு முன்னால் போய் நின்றான்.

"டீச்சர், இதுல என்னோடது எது?"

"எதுல?"

"இத்தனை வருஷமா எழுதினேன்லா. சேலை அவருது. கிளி அவருது. மூக்கு, முழி, விரல் எல்லாம் அவருது. என்னோடதுன்னு ஒண்ணாவது இருக்கா?"

டீச்சர் அவன் படத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"கிளி மூக்குல செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மாசானம் சிரிக்கவில்லை. தன் வர்ணப் பெட்டியை மூடினான்.

"எங்க மாமா பம்பாயில மளிகைக் கடை வச்சிருக்காங்க. வரச் சொல்லி ரெண்டு வருஷமாக் கூப்பிடுதாங்க. போலாம்னு இருக்கேன் டீச்சர்."

"போயி?"

"பொட்டலம் மடிப்பேன். அங்க யாரும் நீ எங்கே இருக்கேன்னு கேக்க மாட்டாங்க."

டீச்சர் அவனைத் தடுப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். பகவதிக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் குடையை எடுத்துத் தூசியைத் தட்டினார்.

"சரி. போறதுக்கு முன்னால இன்னும் ஒரு தடவை அவளை எழுதிட்டுப் போ."

"எதுக்கு டீச்சர்? சுவரைப் பாத்து இன்னொரு படியா?"

"ஆமா. இன்னொரு படி."

அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் டீச்சர் சொல்லி அவன் எதையும் மறுத்ததில்லை. எழுத உட்கார்ந்தான். கோபத்தில் எழுதியதாலோ என்னவோ, அந்தப் படம் முன்னைவிட நன்றாக வந்தது. சேலை மடிப்பில் அந்தப் பழைய காவி நிறத்தை அவன் எப்படிக் கொண்டுவந்தான் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் சுவரைச் சுத்தம் செய்வதற்காக மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூங்கில் சாரம் கட்டி, பஞ்சை ஏதோ மருந்தில் நனைத்து, குழந்தைக்குக் கண்மை துடைப்பது போலப் பதமாகத் துடைத்தார்கள். புகையும் தூசியும் போகப் போக எங்களுக்குத் தெரியாத நிறங்கள் வெளியே வந்தன. கிளியின் வாலில் ஒரு நீலம் இருந்தது. அதைப் பார்த்து டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி சாரத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டார்.

மாசானம் பம்பாய்க்குப் போகிற நாள் வந்தது. சாயங்கால வண்டி. வீட்டில் சொல்லிக்கொண்டு, தகர டிரங்குப் பெட்டியோடு நேரே மண்டபத்துக்கே வந்துவிட்டான். இங்கிருந்து ஸ்டேஷன் பக்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழியனுப்பப் போவது நான். அவன் கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. படத்தில் மச்சம் ஒன்றுதான் பாக்கி.

மிட்டாயை அவன் படிக்கட்டில் வைத்தான். கறுப்பைக் குழைத்தான். பிரஷை நனைத்துக்கொண்டு சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

சுவரில் மச்சம் இல்லை.

சாரத்தின் மேல் நின்றவர் கையில் இருந்த பஞ்சு கறுத்திருந்தது.

"ஐயையோ, மச்சத்தை அழிச்சிட்டீங்களே," என்று பகவதி எழுந்துவிட்டாள்.

அந்த மனிதர் பயந்துபோய் இறங்கி வந்தார். நல்ல மனிதர். பஞ்சை டீச்சரிடம் நீட்டினார்.

"அம்மா, இது பெயிண்ட் இல்லீங்க. மண்ணு. குளவி கூடு கட்டியிருக்கு. கூடு எப்பவோ விழுந்துபோய் ஒட்டு மட்டும் நின்னுருக்கு. மேல விளக்குப் புகை ஏறிக் கறுத்திருக்கு."

டீச்சர் பஞ்சை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"அடியில மச்சம் இருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க. பாருங்க, தாடை சுத்தமா இருக்கு. அந்தக் கோடு அப்படியே ஓடுது."

நாங்கள் பார்த்தோம். கோடு அப்படியேதான் ஓடியது. அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. இத்தனை வருஷம் பழகிய ஒருத்தி திடீரென்று வேறு யாரோவாக நின்றாள். எனக்கு அழுகை வந்தது. ஒரு குளவிக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இப்போதும் ஊருக்குப் போனால் பிற்பாடு போட்ட கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அவளைப் பார்ப்பேன். சுத்தமாக, அழகாக இருக்கிறாள். என் கண் நாடிக்குத்தான் போகும். இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.

முதலில் சிரித்தது செய்யது. "பேராசிரியர் திருஷ்டிப் பொட்டுன்னாரே," என்றான். பகவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாசானம் மட்டும் பிரஷைக் கீழே வைத்தான்.

"பாத்தீங்களா டீச்சர்?"

"என்னத்தை?"

"சுவர்ல அழுக்கு இருந்தா அழுக்கையும் சேர்த்து எழுதிருக்கேன். அதுக்கு மிட்டாய் வேற வாங்கிக் கொடுத்திருக்கேன். இதுதான் என் கை. அந்த தாடிக்காரர் சரியாத்தான் சொன்னாரு." குழைத்த கறுப்பைத் தள்ளி வைத்தான். "சவத்துக் குளவி. அதோட கூட்டைப் பாத்து எழுதினவனுக்கு எதுக்கு டீச்சர் பிரஷ்ஷு?"

டீச்சர் பஞ்சைக் கீழே வைத்தார். பக்க அறைக்குப் போனார். தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கை நிறையப் படங்களோடு வந்து, அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஒரு படத்தை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். கட்டைவிரலை அவள் நாடி மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.

"இது யாருது?"

மாசானம் விருப்பமில்லாமல் பார்த்தான். "பகவதியோடது."

டீச்சர் விரலை எடுத்தார்.

"இல்லை, இது நல்லசிவம்," என்றான் உடனே. நல்லசிவம் என்பது நான்தான்.

"எப்படித் தெரியும்?"

"இவனைத் தவிர யாரு இம்புட்டு உப்பலா மச்சம் வைப்பா? தாளிச்ச கடுகு மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அது கடுகு மாதிரிதான் இருந்தது.

அடுத்த படம். கட்டைவிரல் நாடி மேல்.

"செய்யது," என்றான்.

விரல் விலகியது.

"இல்லை, பகவதி. பாருங்க, கண்ணுக்கே தெரியாம வச்சிருக்கா. எண்ணெய் ஊத்தினாலும் இப்படித்தான் ஊத்துவா."

"வாயை மூடுலே," என்றாள் பகவதி.

அடுத்ததைத் தன்னுடையது என்றான். விரல் விலகியதும் செய்யதுடையது என்றான். செய்யது முதலில் ஒரு வட்டம் போட்டு அப்புறம் உள்ளே நிரப்பியிருந்தான். வட்டத்தின் விளிம்பு தெரிந்தது. வீட்டில் பீடி சுற்ற அவன் இலை வெட்டுவதும் அப்படித்தான், அளந்து வெட்டுவான்.

பிறகு ஒரு பழைய காகிதம். ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. விரல் மறைத்திருந்தவரை மாசானத்தால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நல்ல கோடு என்று மட்டும் சொன்னான். விரலை எடுத்ததும் குனிந்து பார்த்தான்.

"இது யாருன்னு தெரியலை டீச்சர். பாவம், வைக்கவா வேண்டாமான்னு பயந்து பயந்து வச்சிருக்காங்க. பாதியில கையை எடுத்துருக்காங்க. அப்புறம் திரும்ப வந்து தொட்டுருக்காங்க."

"ஆமா," என்றார் டீச்சர். "பின்னால எங்க வாத்தியார் நின்னுக்கிட்டு இருந்தாரு. எனக்குக் கை நடுங்குச்சு."

நாங்கள் எல்லோரும் அந்தப் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தையே ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சருக்கு ஒரு காலத்தில் கை நடுங்கியிருக்கிறது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

கடைசியாக ஒரு படம். நாடி மேல் கட்டைவிரல். டீச்சர் விரலை எடுத்தார்.

"மாசானம்," என்றாள் பகவதி மெதுவாக.

அவன் மச்சம் மற்றவர்களுடையதைவிட இம்மி மேலே இருந்தது. பிரஷை அழுத்தி வைக்காமல், வைத்தவுடன் மேலே இழுத்திருந்தான். அடிப்பக்கம் மட்டும் கறுத்து, மேலே போகப் போகக் கரைந்தது. அவ்வளவுதான். ஆனால் அதனால் அவள் உதட்டோரம் என்னவோ ஆகிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறவள் மாதிரி இருந்தாள். சுவரில் அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

வருஷக்கணக்காக அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அது தெரிந்ததே இல்லை.

மாசானம் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டான். சுவரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான்.

"நான் சுவரைப் பாத்துத்தான் டீச்சர் வச்சேன்."

"நானும் அப்படித்தான் வச்சேன்."

"அப்ப எப்படி இது மட்டும்..."

"மத்த எடத்துல எல்லாம் சுவர்க்காரர் பிரஷ் போன தடம் இருந்துச்சு. பிடிச்சுக்கிட்டே போனோம்." டீச்சர் படங்களை ஒன்றாக அடுக்கினார். "குளவி பிரஷ் பிடிக்குமாலே?"

சாரத்தின் மேல் மறுபடியும் பஞ்சு தேய ஆரம்பித்தது. மாசானம் எழுந்து, முடியாமல் நின்ற தன் புதுப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். பிரஷை எடுத்தான். கறுப்பு காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தான். பிரஷ் நாடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"டீச்சர்."

"ம்."

"இப்பதான் சுவர்ல மச்சம் இல்லையே. வைக்கட்டுமா, வேண்டாமா?"

"என்னை ஏன் கேக்கே? நான் சொல்லிக் கொடுத்தது நாடி வரைக்கும்தான்."

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெளியே வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்குப் பெட்டி தூக்க வேண்டியவன் நான்.

"ஏல மாசானம், வண்டிக்கு நேரமாச்சு."

அவன் காதில் விழவில்லை. பிரஷ் நாடியை விட்டு விலகியது. அவள் முகத்துக்கும் கிளிக்கும் நடுவில், சுவர்க்காரர் ஒன்றுமே எழுதாமல் விட்ட வெற்றிடத்துக்குப் போனது. அங்கே ஒரு சின்னக் கோடு போட்டான். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒட்டினாற்போல மெல்லிசான ஒரு இடுப்பு. பகவதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். படத்தில் இருந்தவளின் நாடியை நோக்கி ஒரு குளவி பறந்து வந்துகொண்டிருந்தது.

"மாசானம், வண்டி," என்றேன் மறுபடியும்.

செய்யது என்னை அடக்கினான்.

சிறகு வரைக்கும் தடையில்லாமல் வந்தது. அதற்குக் கீழே பிரஷ் நின்றுவிட்டது. மாசானம் வழக்கம்போலச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். சுவரில் அவளும் கிளியும்தான் இருந்தார்கள். டீச்சரைப் பார்த்தான்.

"டீச்சர், குளவிக்கு எத்தனை கால்?"

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு என்ன தெரியும்? போய்ப் பாரு."